நாற்பத்து மூன்று கோடுகள்

ஜன்னலுக்கு வெளியே ஏரி தகதகவென்று மின்னிக்கொண்டிருந்தது. அந்த அம்மாளோ நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். எதிரே இருந்த கணவர் ஏன் என்று கூடக் கேட்கவில்லை.

தூரத்திலிருந்து பார்த்த மேனேஜருக்கு விஷயம் புரிந்துவிட்டது. புருஷன் பெண்டாட்டி சண்டை. சண்டை போட்டவர்கள் சூப்போடு எழுந்து போய்விடுவார்கள் என்பது அவருடைய பதினைந்து வருட ஆராய்ச்சி.

அந்தப் பிரெஞ்சு ரெஸ்டாரண்ட் வருடத்தில் நான்கே மாதம் திறந்திருக்கும். இன்று இந்த சீசனின் கடைசி மதியம். கடைசி நாளில் ஒரு ஜோடி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போவதா? மேனேஜர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினார்.

அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தம் மூன்று வார்த்தை. மூன்றையும் வாசலிலேயே செலவழித்துவிடுவார். மேசைக்கு வந்தால் தாய்மொழிதான்.

"மேடம், சாப்பாடு பிடிக்கலையா?"

"நல்லாத்தான் இருக்கு தம்பி," என்றார் அம்மாள். 'குளிர்காலத் தோட்டத்தின் மௌனம்' என்ற பெயரில் வந்திருந்த இரண்டு கேரட்டும் தட்டில் அப்படியே கிடந்தன.

"இந்த மேசைதான் வேணும்னு சீசன் ஆரம்பிச்சதுலேருந்து போன் பண்ணிட்டிருக்கேன்," என்றார் கணவர். "உங்க விளம்பரத்துல இவ இந்தச் சுவரைப் பாத்தா. அன்னியிலேருந்து ஒரே பிடியா நிக்கிறா."

மேனேஜரின் முகம் மலர்ந்தது. சுவரில் தங்க முலாம் பூசிய சட்டத்துக்குள் சின்னச் சின்னதாய்ப் பச்சைக் கோடுகள், வரிசை வரிசையாக. மேலே ஒரு குட்டி விளக்கு. கீழே பித்தளைத் தகடு: 'வரலாறு. தொடாதீர்கள்.'

சண்டைக்கு இதைவிட நல்ல மருந்து அவரிடம் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த மாளிகையைக் கட்டின பிரெஞ்சுக்காரத் துரை போட்ட கோடு மேடம் இது. காதலி கோவிச்சுக்கிட்டு கப்பலேறிப் போயிட்டாங்க. அவங்க திரும்பி வர்ற வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு கோடு. பாரிஸ்லேருந்து வரவழைச்ச பச்சை மை!"

அம்மாள் கண்ணைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

"எல்லாரும் ஒரு கேள்வி கேப்பாங்க. கோடு இவ்வளவு கீழே இருக்கே, துரை அவ்ளோ குள்ளமான்னு!" தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார் மேனேஜர்.

"படுத்துக்கிட்டே போட்டது," என்றார் அம்மாள்.

"அதேதான்! சோபாவுல சாஞ்சுக்கிட்டு, ஒரு கையில ஒயின் கிளாஸ்... மேடம் வரலாறு படிச்சவங்களா?"

"இல்ல தம்பி."

"மொத்தம் நாப்பத்திமூணு. வேணும்னா எண்ணிப் பாருங்க."

"தெரியும்."

ஆர்வமுள்ள வாடிக்கையாளர் கிடைத்தால் மேனேஜருக்குக் கால் தரையில் பாவாது. குனிந்து கடைசிக் கோட்டைக் காட்டினார். "மத்ததெல்லாம் பாருங்க, கோணல்மாணலா இருக்கு. பாவம், ஏக்கத்துல கை நடுங்கியிருக்கு. இது மட்டும் நேரா, அழுத்தமா! ஏன்? அன்னிக்குக் காதலி வந்துட்டாங்க. அதோட கோடு போடுறதை நிறுத்திட்டார்."

கணவர் மடியிலிருந்த துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாள் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

சண்டை தீர்ந்தது! மேனேஜர் சுவரைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டார். பல வருடம் பூட்டிக் கிடந்த கட்டடத்தை முதலாளி வாங்கியபோது, பெயிண்ட் போதாமல் இந்த மூலை மட்டும் தப்பியது. துரையும் காதலியும் அப்புறம்தான் வந்தார்கள். ஒரு மதியம் முதலாளியும் மேனேஜரும் காப்பி குடித்துக்கொண்டே உண்டாக்கியவர்கள். ஆனாலும் எத்தனை ஜோடிகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்!

"அடுத்த சீசனுக்கும் கண்டிப்பா வாங்க சார். இதைவிடப் பிரமாதமா இருக்கும். நாளைக்கே ஓவியர் வர்றார். இதை நூறு கோடாக்கப் போறோம்."

அம்மாள் சட்டென்று திரும்பினார். "எதுக்கு?"

"நாப்பத்திமூணுன்னா கேக்கறவங்களுக்கு ஒரு கிக் இல்லைன்னு முதலாளி ஃபீல் பண்றார் மேடம். நூறு நாள் காத்திருந்தார்னு சொன்னா ஒரு கெத்து இருக்குல்ல?"

"வேணாம் தம்பி." அம்மாள் எழுந்துவிட்டார். "இருக்கிறது அப்படியே இருக்கட்டும். உங்க முதலாளிகிட்ட வேணா நானே வந்து கேக்கறேன்."

மேனேஜர் சிரித்தார். "காத்திருந்தது துரை. நாப்பத்திமூணு நூறானா உங்களுக்கு என்ன மேடம்?"

"சொல்லிடும்மா," என்றார் கணவர் மெதுவாக.

அம்மாள் சுவரருகே போய் மண்டியிட்டு உட்கார்ந்தார். சட்டத்துக்குள் விரலை வைத்தார்.

"தொடாதீங்க மேடம், வரலாறு!"

விரல் நிற்கவில்லை. கோணல்மாணலான கோடுகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போய், நேரான அந்தக் கடைசிக் கோட்டில் வந்து நின்றது.

"இது ஆஸ்பத்திரியா இருந்தப்போ எங்க பாப்பா கட்டில் இங்கதான் தம்பி. அன்னிக்கு அவளால கையத் தூக்க முடியல... இது மட்டும் நான் போட்டது."