புகை போகும் திசை

தாராவித் தையல் பட்டறையின் கூரை ஓட்டை வழியே இறங்கும் மதிய வெயிலில், சட்டத்தில் இழுத்துக் கட்டிய நீலப்பட்டு கடலாய் மினுங்குகிறது. அதில் பரீஹா தைப்பது இருநூறு வருஷத்துக்கு முந்தைய நீராவிப் போர்க்கப்பல்: விலாவில் பெரிய சக்கரம், நடுவே புகைபோக்கி, இயந்திரத்தை முழுசாய் நம்பாத காலமென்பதால் பாய்மரங்களும். கடற்படை விழாவுக்கு மாலைக்குள் கொடுக்க வேண்டும். அவள் ஊசி நிற்கிறது. “மாமா, காத்துல பாயெல்லாம் முன்னால புடைச்சிருக்கு. பொகை மட்டும் எப்படி பின்னால போவும்?” பட்டறைக்காரர் கலீலுல்லா மாதிரிப் படத்தைக் காட்டுகிறார். “இதுல அப்படித்தான இருக்கு?” “வரைஞ்சவரு காத்த மறந்துட்டாரு.” அவர் படத்தையும் பட்டுத்துணியையும் மாறி மாறிப் பார்க்கிறார். “சரி, பிரி.” காலையிலிருந்து தைத்த சாம்பல் நூல் சரசரவென்று அவள் மடியில் விழுகிறது. மறுபடி ஊசி இறங்குகிறது. புகை, கப்பலுக்கு முன்னே, வெறும் நீலத்துக்குள் மெல்லப் போகிறது.