அடிபம்புச் சத்தம்

அம்மா கோமளம் செத்துப்போன பிறகுதான் மஹதிக்கு வலிப்பு வர ஆரம்பித்தது. மூளையில் கோளாறு ஒன்றுமில்லை, மனசிலிருந்து வருகிறது என்றார் மனநல டாக்டர் தபஸ்ஸும். "நடிக்கிறா" என்றார் அப்பா அனந்தராமன்.

தொண்ணூற்றாறில் டாக்டர் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போனார். சிகிச்சை செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் போனில் தொடர்ந்தது. அதற்குள் அவர்கள் குடியிருந்த மயிலாப்பூர் வீட்டை இடித்துவிட்டார்கள். அப்பாவும் பெண்ணும் கோட்டூர்புரத்தில் மூன்றாவது மாடிக்கு வந்திருந்தார்கள்.

"கால் தரையில நல்லாப் படட்டும் மஹதி. இப்ப என்னென்ன கேக்குது, சொல்லு."

"ஃபேன். கீழே வாட்ச்மேன் ரேடியோ."

"அடிபம்பை விட்டுட்டியே. எனக்கு இங்க நல்லாக் கேக்குது."

மஹதி ரிசீவரை அப்பாவிடம் நீட்டினாள்.

மயிலாப்பூர் வீட்டுக் கொல்லைப் பம்பேதான். ஒவ்வொரு அடிக்கும் கிறீச்சிடும். விடிகாலையில் கோமளம் அடிப்பாள், அவர் குடம் தூக்குவார்.

கிறீச் சத்தம் நின்றது.

"ஏன்னா, இது ரொம்பிடுத்து. இன்னொண்ணு எடுத்துண்டு வாங்கோ" என்றாள் கோமளம்.

அனந்தராமன் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மகளைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"சமையலுள்ள காலிக் குடம் இருக்கும். எடுத்துண்டு வாம்மா."