இரவல் கோல்கீப்பர்

"இது யாரு? நம்ம டீம்ல இந்த மூஞ்சிய நான் பார்த்ததே இல்லையே!"

கோல் கம்பங்களுக்கு நடுவே குதித்துக் குதித்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டித்தான் அப்பா கேட்டார்.

அவருடைய மகள் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில், ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வருஷம் முழுக்க அந்தக் கம்பங்களுக்கு நடுவே நின்றவள் அவள்தான்.

"வேற டீம் பொண்ணாம் சார். இன்னைக்கு ஒரு நாளைக்கு இரவல்," என்றாள் பக்கத்தில் நின்ற ஓர் அம்மா. "பதினாலு வயசுக்குள்ளன்னு சொல்றாங்க. உயரத்தைப் பாத்தா எனக்கே மாமியாரா வரலாம் போல இருக்கு."

சுற்றி நின்ற பெற்றோர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. விறுவிறுவென்று கோச்சிடம் போனார்.

"என்ன மிஸ் இது? மழைன்னு பாக்காம, வெயில்னு பாக்காம ஒரு வருஷம் எம் பொண்ணு பயிற்சிக்கு வந்தா. அரையிறுதின்னதும் வெளியில ஆள் பிடிச்சிட்டீங்களா?"

கோச் கையிலிருந்த பட்டியலிலிருந்து தலை நிமிரவில்லை.

"விதியில இடம் இருக்கு சார். கோல்கீப்பருக்கு உடம்பு முடியலேன்னா வெளியாள் ஒருத்தரை இறக்கலாம்."

"யாருக்கு உடம்பு முடியல?"

"உங்க பொண்ணுக்குத்தான். கை சுளுக்கு."

"சுளுக்கா? பெத்த அப்பன் எனக்கே தெரியாத சுளுக்கா? இன்னைக்குக் காலையில அரை மணி நேரம் நான் எறிஞ்ச பந்தைப் பிடிச்சாளே, அது எந்தக் கை?"

கோச் பட்டியலில் அடுத்த பெயரைச் சரிபார்த்தாள்.

அப்பா டயர் கம்பெனியில் தர ஆய்வாளர். வரிசையாக வருகிற டயர்களில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் சிவப்பு முத்திரை குத்தி ஒதுக்குகிறவர். விடுவாரா? நேரே போட்டிக் குழுவின் மேஜைக்குப் போனார். அங்கே இருந்தவர் ஓய்வுபெற்ற நடுவர். எல்லோருக்கும் அவர் 'விசில்' தாத்தா.

"ஐயா, இந்தம்மா பொய் எழுதிக் குடுத்திருக்காங்க. இத்தனை பேர் முன்னாடி நிரூபிக்கிறேன்."

மகளைக் கூப்பிட்டார். வந்தாள்.

"கையை நீட்டும்மா."

நீட்டினாள். மணிக்கட்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"வலிக்குதா?"

அவள் கோச்சைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"இல்லப்பா."

"அந்தக் கை?"

"அதுவும் இல்லப்பா."

"கேட்டுக்குங்க எல்லாரும்!"

விசில் தாத்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பின்னாலேயே வந்திருந்த கோச்சைப் பார்த்தார். "என்னம்மா சொல்றீங்க? டாக்டர் சீட்டு ஏதாவது இருக்கா?"

"இல்ல ஐயா."

"அப்ப சுளுக்குன்னு நீங்களா எழுதினதா?"

"நானாத்தான் எழுதினேன்."

"ஏம்மா?"

கோச், அப்பா இன்னும் விடாமல் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். "ஜெயிக்கணும்னுதான்," என்றாள்.

கூட்டம் கொதித்துவிட்டது.

"அலமாரியில வைக்க இவங்களுக்கு ஒரு கப் வேணும்ல, அதுக்குப் பச்சப் புள்ள வயித்தெரிச்சலைக் கொட்டிக்கறாங்க!"

"இப்படிப்பட்டவங்ககிட்டயா நம்ம பொண்ணுங்களை விட்டுட்டு நிம்மதியாப் போறோம்?"

விசில் தாத்தா கையை உயர்த்தினார். "விதின்னா விதி. வெளியாள் வெளியே. பழைய கோல்கீப்பரே நிக்கட்டும். நீங்க இந்த வருஷமும் அடுத்த வருஷமும் எந்த டீமுக்கும் கோச்சா வரக் கூடாது. இப்பவே மைதானத்தை விட்டுப் போயிடுங்க."

ஆறு வருஷமாக ஒற்றை ஆளாய் அந்த டீமை வளர்த்தவள் சரியென்று தலையாட்டினாள். பட்டியலை மேஜைமேல் வைத்தாள்.

இரவல் பெண் கையுறைகளைக் கழற்றிக் கொடுத்தாள். "ரெண்டு பஸ் மாறி வந்தேன் மிஸ்," என்றாள்.

அப்பா வலைக்குப் பின்னால், எல்லைக் கோட்டை ஒட்டிப் போய் நின்றுகொண்டார். பெற்றோர்கள் கைதட்டினார்கள்.

"பொறந்தா இப்படி ஒரு அப்பனுக்குப் பொறக்கணும்," என்றாள் அந்த அம்மா.

அவர் பெருமையோடு மகளைப் பார்த்துச் சொன்னார்: "நியாயம் வாங்கிக் குடுத்துட்டேன் பாத்தியா? தைரியமா நில்லு. உன் முதுகுக்குப் பின்னாடியேதான் இருப்பேன், ஓர் அடி நகர மாட்டேன். ஒரு பந்து உள்ள போகக் கூடாது. போன தடவை மாதிரி என் மானத்தை வாங்கினே... என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்குல்ல?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மகள் தலையசைத்தாள். கையுறைகளை மாட்டிக்கொண்டு, பட்டைகள் தொங்க, மைதானத்தின் வாசலை நோக்கி ஓடினாள். கோச் தோள்பையோடு போய்க்கொண்டிருந்தாள்.

"மிஸ், இதைக் கட்டி விடுங்க."

கோச் குனிந்து பட்டையை இறுக்கினாள்.

"மிஸ், அப்பா பாக்க வர்ற மேட்சுல மட்டும் என்னை நிறுத்தாதீங்கன்னு நான்தானே உங்ககிட்ட அழுதேன். அதைச் சொல்லியிருக்கலாமே. ஏன் மிஸ் சொல்லல?"

கோச் மற்ற கையின் பட்டையையும் இறுக்கினாள்.

"சொல்லியிருந்தா, மேட்ச் முடிஞ்சு நீ யார்கூட வீட்டுக்குப் போவே?"