காவலாளியின் கோபம்

ஜெசிந்தா டீச்சர் வீட்டுக் கணினிக்குள் வைரஸ் தடுக்கும் காவலாளி ஒருவன் இருந்தான். டீச்சரின் காலமான கணவர் சிரிக்கும் படங்களெல்லாம் அதன் உள்ளறையில் இருந்தன. வேறெங்கும் பிரதி கிடையாது. அவற்றைக் காப்பதுதான் அவன் வேலை.

மவுசுக்கும் அவனுக்கும் ஆகாது. புதுத் திருடர்களின் பட்டியலை வாங்கிக்கொள்ளட்டுமா என்று அவன் கேட்கும்போதெல்லாம், ‘பிறகு பார்க்கலாம்’ என்பதை மவுஸ் அழுத்திவிடும். ஒரே மாதத்தில் பதினெட்டுத் தடவை. போன வாரம், “உன் தொணதொணப்புல மெஷினே நொண்டுது. வாயை மூடிக்கிட்டு இருய்யா” என்றும் சொல்லிவிட்டது. அவன் அதை மறக்கவில்லை.

அன்று மத்தியானம், ஜெராக்ஸ் கடைக்குப் போன பென் டிரைவ் திரும்பி வந்தது.

“அண்ணே, ஒரு ஃபைல்தான் கொண்டுபோனேன். இப்ப ரெண்டு இருக்கு” என்றது.

“அதையும் திறந்து பார்த்துட்டாப் போச்சு” என்றது மவுஸ்.

காவலாளி அந்த இரண்டாவது ஃபைலை உற்றுப் பார்த்தான். அந்த முகம் அவனுடைய பழைய பட்டியலில் இல்லை. ஆனால் நடை திருட்டு நடை. ஒரு சத்தம் போட்டால் போதும், கதவு சாத்திக்கொள்ளும். ‘என் வாயை மூடச் சொன்னவன் ஒரு தடவை படட்டும், அப்புறம் கத்தலாம்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

மவுஸ் அந்த ஃபைலை இருமுறை தட்டியது. உள்ளே வந்தவன் மவுசைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் காவலாளியிடம் வந்து, முதலில் அவன் வாயைக் கட்டினான். பிறகு படங்கள் இருந்த அறையை நோக்கி நடந்தான்.

“யோவ், ஏதாவது சொல்லுய்யா” என்று மவுஸ் கெஞ்சியது.