ஒன்று புள்ளி ஏழு

"ஒண்ணு புள்ளி ஏழு போடுங்க," என்றார் கார்ப் பந்தயக்காரர்.

மெக்கானிக் பழைய ராக்கர் ஆர்மைக் கையில் உருட்டியபடி நின்றார். வால்வை அமுக்கித் திறக்கிற அந்தச் சின்ன இரும்பின் விகிதம் ஒன்று புள்ளி ஐந்திலிருந்து ஒன்று புள்ளி ஏழாகக் கூடினால் வால்வு இன்னும் ஆழமாகத் திறக்கும், வண்டி பறக்கும்.

"வேண்டாம் சார். ஒண்ணு புள்ளி அஞ்சே போதும். ஏழு போட்டா இந்த ஸ்பிரிங் தாங்காது. உடைஞ்சா வால்வு பிஸ்டன்ல இடிச்சிடும்."

"ஸ்பிரிங்கையும் மாத்திடுங்களேன்."

"பந்தயத்துக்குள்ள கிடைக்காது சார்."

பந்தயக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். "சொன்னதைச் செய்யுங்க."

மெக்கானிக் விடவில்லை. பூட்டும்போதும் சொன்னார். வண்டியை எடுக்க வந்தபோதும் கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

பந்தயத்தில் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்த அந்த வண்டி, கடைசிச் சுற்றில் புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

மறுநாள் பட்டறைக்கு வந்த பந்தயக்காரர், நொறுங்கிய பிஸ்டனை மேஜைமேல் வைத்தார். கோபப்படவில்லை.

"நீங்க சொன்னது அத்தனையும் நிஜம். உங்க வேலையை நம்பித்தான் வண்டியை விட்டேன். ஆனா யோசனையை எப்படி நம்புவேன்? எனக்குப் போட்டியா ஓட்டி, நேத்து ஜெயிச்சது உங்க பொண்ணாச்சே."

மெக்கானிக் அந்தப் பிஸ்டனைக் கையில் எடுத்தார். தன் பேச்சை இந்த மனுஷர் நம்பமாட்டார் என்று அவருக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் அத்தனை தரம் வேண்டாம் என்று சொன்னது தடுப்பதற்காகவா, அதையே பூட்ட வைப்பதற்காகவா என்றுதான் அவருக்கே விளங்கவில்லை.