இரண்டாம் சுற்று

"என்னை மட்டும் தனியா கூப்பிட்டிருக்கீங்களே மேடம், ஏதாவது தப்பாயிடுச்சா?"

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள் நாற்பத்திரண்டாம் எண் மாணவி. பதினைந்து வயது. பள்ளி நூலகத்தில் அவளையும் ஆய்வாளரையும் தவிர யாருமில்லை.

"இதுல சரி, தப்புன்னு எதுவுமே கிடையாதுன்னு முதல் நாளே சொன்னேனேம்மா."

பெண் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று வளரும் பெண்கள் நம்புகிறார்கள்? அதை அளக்க இருபது வாக்கியங்களை எழுதியிருந்தார் ஆய்வாளர். ஒத்துக்கொள்ளவே முடியாது என்றால் ஒன்று, முழுக்கச் சரி என்றால் ஐந்து. அங்கே படிப்பவர்கள் பல மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகள். அதனால் பள்ளி மொழியில் ஒரு தாள், அவரவர் வீட்டு மொழியில் ஒரு தாள். எதில் வேண்டுமானாலும் நிரப்பலாம்.

இரண்டு வாரம் கழித்து அதே கேள்விகளுக்கு மறுபடியும் பதில் வாங்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் அளவுகோல் தேறும். முதல் சுற்று வகுப்பில் நடந்தது. இரண்டாம் சுற்று, தேர்வு நேரம் என்பதால், உறையில் போட்டு வீட்டுக்குப் போனது.

எல்லோருடையதும் ஒத்துப்போனது. இவளுடையதுதான் தலைகீழ்.

"'பெண் சத்தமாகச் சிரிக்கக் கூடாது.' முதல்ல அஞ்சு, இப்ப ஒண்ணு. 'குடும்பத்துக்காகத் தன் ஆசையை விட்டுவிட வேண்டும்.' அதுவும் அஞ்சு, இப்ப ஒண்ணு. அந்த ஒண்ணைச் சுத்தி மூணு வட்டம் வேற. பேனா அழுத்தி தாளே கிழிஞ்சிருக்கு!"

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"முதல் தடவை எதை வெச்சு அஞ்சு போட்டே?"

"எங்க அம்மாவை நினைச்சுக்கிட்டேன் மேடம். அவங்க அப்படித்தான் இருப்பாங்க. வாயே திறக்க மாட்டாங்க."

ஆய்வாளர் அதைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார். மூன்று நாளாக அவர் மனத்தில் ஓடிய எண்ணம் உறுதிப்பட்டது.

"முதல் தடவை பள்ளி மொழித் தாள். இப்ப வீட்டு மொழித் தாள். சொந்த மொழியில கேட்டதும் உன் மனசு திறந்துடுச்சு. என் ஆராய்ச்சியில இதுக்குன்னே ஒரு அத்தியாயம் எழுதப் போறேன், தெரியுமா?"

அவள் மேசைமேல் இருந்த தாளை எட்டிப் பார்த்தாள்.

"இந்தத் தாளைக் கிழிச்சுட மாட்டீங்களே மேடம்?"

"ஏன் கிழிக்கணும்? அம்மா கண்ணுல பட்டா திட்டு விழும்னு பயமா?"

"ஐயையோ, அதில்ல மேடம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உறையை மேசையில வெச்சுட்டு நான் குளிக்கப் போனேன். வந்து பார்த்தா இருபதும் முடிஞ்சிருந்துச்சு. அழிச்சுட்டு நான் போடறேன்னேன், கையைத் தட்டி விட்டுட்டாங்க. அவங்களுக்கு எங்க வீட்டு மொழி மட்டும்தான் படிக்கத் தெரியும்."

ஆய்வாளரின் பேனா நின்றது.

"எத்தனை மார்க்குன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க மேடம், அம்மா."