சின்ன எழுத்து

"சூப்பர் மார்க்கெட் ஒயின் குடிக்கிறவனுக்கு என் பொண்ணைத் தரமாட்டேன்!"

பிரான்சின் பர்கண்டிப் பகுதித் திராட்சைத் தோட்டக்காரர் காஸ்தோன், மகள் மிரேயின் காதலனை இப்படித்தான் வரவேற்றார். லூசியன் தான் கொண்டுவந்த ஒயினைக் கண்ணாடி ஜாடியிலிருந்து அவருக்கு ஊற்றினான்.

காஸ்தோன் ஒரு துண்டு சீஸைக் கடித்துக்கொண்டு ஒரு மடக்கு குடித்தார். முகம் மலர்ந்தது. "அடேயப்பா! இதுதான் ஒயின்! எங்கே பிடிச்சே?"

"சூப்பர் மார்க்கெட்ல, மாமா. அஞ்சு யூரோ."

மிரேய் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னையே ஏமாத்துறியா? வெளியே போடா!"

லூசியன் பையிலிருந்து காலி பாட்டிலை எடுத்து லேபிளின் அடியைக் காட்டினான். "தயாரிச்ச இடம்னு சின்ன எழுத்துல உங்க தோட்டத்து விலாசம் இருக்கே, மாமா! நீங்க வாசல்ல முப்பது யூரோவுக்கு விக்கிறதும் இதே சரக்குதானே?"

காஸ்தோன் அவசரமாக எழுந்துபோய்த் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினார்.

"கல்யாணத்தை எப்ப வச்சுக்கலாம், மாப்ளே?"